முக்கால் அங்குலம்

பெரியப்பாவின் மொறிஸ் மைனர் ஒழுங்கைக்குள் திரும்பிவிட்டது என்பதைக் காதுக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்று, கறன்ரும் நின்று, ரோர்ச்சுக்குப் போடும் பற்றறிகூடக் கண்ணில் காணாத பொருளாகிவிட்டிருந்த தொண்ணூறுகளின் முதற்பாதி. அடுப்படியும் கராச்சும் ஒன்றாகக் கலந்த அந்தப் புகை மணம் வேலிக்கு மேலால் வந்து எட்டியதும் அம்மம்மா முற்றத்தில் காயும் ஒடியலைச் சாக்கால் மூட ஓடுவா. நான் படலையைத் திறக்க ஓடுவேன். ஓடும்போதே எங்கள் இருவருக்கும் தெரியும், கார் வந்து சேர இன்னும் நேரம் இருக்கிறது என்று. இருந்தாலும் ஓடுவோம்.

காரைக் கிளப்புவதும் ஒரு சடங்குதான். சாமி அறை அலுமாரிக்குள் ஒரு மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் இருக்கும். வீட்டில் பூட்டுப் போட்டு வைத்திருந்த திரவம் அது ஒன்றுதான். காலையில் பெரியப்பா தோய்ந்து, திருநீறு பூசி, அந்தப் போத்தலை எடுத்துவந்து காபறேற்றருக்குள் சில சொட்டு விட்டு, முன்னால் குனிந்து ஹாண்டிலைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றுவார். எஞ்சின் இருமிக்கொண்டு எழும்பும். பெற்றோலில் கொஞ்சம் சூடேறியபிறகு மண்ணெண்ணெயைக் குடிக்கப் பழகிவிடும். பிறகு நாள் முழுக்க அவர் அதை நிற்பாட்ட மாட்டார்; கோயில் வாசலிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் அது தன்பாட்டில் இருமிக்கொண்டு நிற்கும், நிற்பாட்டினால் இன்னும் சில சொட்டுப் பெற்றோல் போய்விடுமே.

எனக்கு அந்தக் காரில் மிகப் பிடித்த இடம் பொனெற்றின் நடுவில் முன்னுக்கும் பின்னுக்குமாக ஓடும் அகலமான மேடு. கார் வந்து நின்றதும் அதில் விரலை வைத்து நுனிவரை இழுத்துக்கொண்டு போவேன். சூடு தாங்காமல் பாதியில் கையை உதறுவேன். அழகுக்குச் செய்தது என்றுதான் நினைத்திருந்தேன். இந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரிக் கார் ஒடுங்கலாகத் தெரிகிறதென்று அதை நீளவாட்டில் இரண்டாக அறுத்து, பாதிகளைத் தள்ளிவைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலம் கூட்டினார் என்றும், அந்த 4 அங்குலம்தான் பொனெற்றில் மேடாக நிற்கிறது என்றும் வளர்ந்தபிறகுதான் வாசித்தேன். 1948இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான கார். எங்களுடையது அதற்குப் பிந்தியது, 948 சிசி எஞ்சின் போட்ட மைனர் 1000. திரும்புவதற்குச் சைகை காட்ட, கதவுத் தூணிலிருந்து செம்மஞ்சள் நிறக் கை ஒன்று வெளியே வந்து நீட்டும். இடப்பக்கக் கை வரும். வலப்பக்கக் கை வராது. வலப்பக்கம் திரும்பும்போது பெரியப்பா தன் கையையே நீட்டுவார்.

அந்தக் காருக்கு இரண்டாம் கியர் வருத்தம் வந்தது. போட்டால் நிற்கும், கால் எடுத்த கையோடு 'டக்' என்று கழன்று நடுவுக்கு வந்துவிடும். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் இறக்கம் என்று எதுவும் இல்லாதபடியால் பெரியப்பா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அதற்கு அவர் கண்ட வைத்தியம் நான். முன்சீற்றில் என்னை இருத்தி, கியர்த் தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இரண்டாம் கியர் போடும் நேரமெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு தடியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பேன். சந்தைக்குப் போகும் ஆச்சிமார், "பெடியன் என்ன செய்யிறான்?" என்று கேட்டால், "அவர்தான் கார் ஓடுறார், நான் சும்மா சுக்கானைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறன்" என்பார். நான் அதை அப்படியே நம்பினேன். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தேன்.

ஒருநாள் சுன்னாகச் சந்தியில் கியர் பெட்டிக்குள் ஏதோ உடைந்து, அரைபட்டு, கார் நின்றுவிட்டது. என் பதவியும் அன்றோடு போயிற்று.

ஒழுங்கை முடிவில், பனைமரச் சட்டத்தில் கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள் ஒரு அண்ணை கராச் வைத்திருந்தார். பெரியப்பாவைவிட மூத்தவர். பெரியப்பாவும் அவரை அண்ணை என்பார், நானும் அண்ணை என்பேன். எங்கள் இருவரையும் அவர் தம்பி என்பார். கொட்டிலின் நடுவில் ஆள் இறங்கி நின்று வேலை செய்ய ஒரு கிடங்கு. பொம்மர் விமானச் சத்தம் கேட்டால் அக்கம்பக்கத்துச் சனம் எல்லாம் அந்தக் கிடங்குக்குள்தான் இறங்கும். கிறீஸ் படாத சேலை எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அண்ணை மட்டும் இறங்க மாட்டார். காருக்குக் கீழே பகல் முழுக்க இருப்பவனுக்கு மேலே வானத்தைப் பார்க்கக் கிடைப்பதே இப்படி நேரத்தில்தான் என்பார்.

புதுக் கியர் பெட்டிக்கு எங்கே போவது? முதலில் மானிப்பாய்ப் பக்கமிருந்து ஒன்று வந்தது. சாக்கைப் பிரித்ததுமே அண்ணை தலையை ஆட்டிவிட்டார். அதன் ஓட்டில் வரிவரியாக மேடுகள். "இது பிந்தி வந்த 1098 எஞ்சினுக்குரியது, தம்பி. அதின்ரை கிளச் ஏழேகால் அங்குலம். எங்கடை ஆறேகால். இதுக்கு எங்கடை எஞ்சின் பொருந்தாது" என்றார். வரி ஓடாத, மழமழவென்ற ஓடுள்ள பெட்டிதான் வேண்டும். கடைசியில் ஏழாலையில் ஒரு வீட்டு மாமரத்தின் கீழ் ரயர் இல்லாமல் குந்தியிருந்த மொறிஸ் ஒன்று அகப்பட்டது. பின்சீற்றில் கோழி அடை கிடந்தது. வீட்டுக்காரர் காசு வேண்டாம் என்றார். வைகாசியில் மகளுக்குக் கலியாணம், பொம்பிளையை ஏற்ற கார் விட்டால் போதும் என்றார். கியர் பெட்டி சைக்கிள் கரியரில், சாக்குச் சுற்றி, பழைய ரியூப்பால் இறுக்கிக் கட்டி வந்தது. உருட்டிக்கொண்டு வந்தவர் பெரியப்பா. பின்னால் தள்ளியது நான். கொக்கரித்துக்கொண்டு கொஞ்சத் தூரம் வழியனுப்பியது அந்தக் கோழி.

மொறிஸில் கியர் பெட்டியைக் கழற்ற காரின் உள்ளேதான் முதலில் வேலை. முன்சீற்றுகளைத் தூக்கி வெளியே வைத்து (அம்மம்மா அதில் ஒன்றில் இருந்துகொண்டு முருங்கையிலை ஆய்ந்தா), கம்பளத்தைச் சுருட்டி, நடு மேட்டை மூடியிருக்கும் தகட்டின் திருகாணிகளைக் கழற்ற வேண்டும். அந்தத் திருகாணிகளுக்கு முடிவே இல்லை. ஒவ்வொன்றாக ஒரு சிரட்டைக்குள் போடுவது என் வேலை. பிறகு கீழே இறங்கி, பின்சில்லுக்குப் போகும் நீளத் தண்டை விடுவித்து, மீற்றர் வயரைக் கழற்றி, எஞ்சினின் பின்பக்கத்துக்கு மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்து, பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் எடுத்து, இரண்டு பேர் பிடித்துப் பின்னுக்கு இழுத்தால் பெட்டி மெல்ல வெளியே வரும். பழைய எண்ணெய் சொட்டியது. அண்ணை அதைத் தகரத்தில் ஏந்தி, வெள்ளைத் துணியில் வடித்து, போத்தலில் அடைத்து வைத்தார். அந்த நாட்களில் எதையும் யாரும் ஊற்றவில்லை.

கிளச்சை அன்றுதான் முதன்முதல் கண்டேன். இவ்வளவு நாளும் பெரியப்பாவின் இடக்கால் மட்டும் அறிந்திருந்த சாமான். எஞ்சினின் பின்னால் பிளைவீல். அதன்மேல் கிளச் பிளேற். அதை இறுக்கிப் பிடிக்கும் பிறஷர் பிளேற். பெடலை அமத்தினால் காருக்கு அடியில் கம்பிகள் இழுபட்டு, கவை ஒன்று ஒரு கரிய வளையத்தை முன்னுக்குத் தள்ள, அது போய் பிறஷர் பிளேற்றின் நடுவில் அழுத்தும், பிடி விடும். பல கார்களில் அந்த இடத்தில் உருளுகிற பெயரிங் இருக்கும். மொறிஸில் வெறும் கிரபைட். எங்கள் பெட்டியில் இருந்தது தேய்ந்து இரும்பைத் தொடப் பார்த்தது. அண்ணை எங்கோ பதுக்கி வைத்திருந்த புது வளையம் ஒன்றைக் கடுதாசியிலிருந்து பிரித்தெடுத்தார். "காபன்" என்று அதற்குப் பெயர். பழையதை எனக்குத் தந்தார். அதனால் சீமெந்து நிலத்தில் எழுதலாம் என்று கண்டுபிடித்து, அம்மம்மாவின் திண்ணை முழுக்க என் பெயரை எழுதினேன்.

பெட்டியைத் திரும்ப ஏற்ற முன்பு பிளேற் சரியான நடுவில் நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் பெட்டியின் தண்டு உள்ளே போகாது. மூன்று பேர் சேர்ந்து தள்ளினாலும் போகாது. அதற்கென்று கொம்பனி செய்த உலோகத் தண்டு ஒன்று உண்டாம். அண்ணை வேலிக்குப் போனார். கதியாலாக நட்டுத் தளிர்த்திருந்த பூவரசில் நேரான கம்பொன்றை முறித்து, பட்டை சீவி, நுனியைச் சிறிதாகவும் அடியைப் பெரிதாகவும் செதுக்கி, கண்ணாடித் துண்டால் வழித்து, இன்னும் கொஞ்சம் தடிப்பு வேண்டுமென்று ரேப் சுற்றினார். பிறஷர் பிளேற்றின் திருகாணிகளை அரைவாசி இறுக்கிவிட்டு, கம்பை நடுத்துளைக்குள் விட்டு மேலும் கீழும் அசைத்து, கண்ணை வைத்துப் பார்த்து, சுற்றிவர ஒவ்வொன்றாக இறுக்கினார். கம்பை உருவியபோது பச்சைப் பூவரசு மணம் கிறீஸ் மணத்தையும் தாண்டி வந்தது. பெட்டி முதல் தள்ளிலேயே உள்ளே போயிற்று. அண்ணை கம்பைச் சீலையில் சுற்றிக் கூரைக் கிடுகுக்குள் செருகி வைத்தார், அடுத்த மொறிஸுக்கு.

இதற்குப் பிறகுதான் நான் சொல்ல வந்த வேலை.

கிளச் பெடலை அமத்தத் தொடங்கியதும் முதல் கொஞ்சத் தூரம் ஒன்றுமே நடக்கக் கூடாது. காபன் போய்த் தொடுவதற்கு முன்னால் உள்ள வெறும் தூரம் அது. "பிளே" என்பார் அண்ணை. மொறிஸில் அது பெடலில் முக்கால் அங்குலம். குறைந்தால், கால் எடுத்த பிறகும் காபன் உரசிக்கொண்டே இருக்கும். காபன் தேயும், பிளேற் வழுக்கும், எஞ்சின் உறும கார் நகராது, கருகல் மணம் வரும். கூடினால், பெடலை அடிவரை மிதித்தாலும் பிடி முழுதாக விடாது; கியர் போடும்போது பல்லோடு பல் நறநறக்கும். எங்கள் காரில் இப்போது பெட்டியும் வேறு, காபனும் புதிது, தடிப்பு. பழைய அளவில் இருந்த கம்பி இனி உதவாது. கீழே அந்தக் கம்பியின் நுனியில் இருக்கும் நட்டைத் திருப்பித்தான் சரிபண்ண வேண்டும்.

அண்ணை கிடங்குக்குள். மேலே பெடலுக்கு நான். சீற்று இல்லாத வெறும் தகட்டில் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்து, தலையைச் சுக்கானுக்குக் கீழே நுழைத்திருந்தேன். ரோர்ச் இல்லை, மண்ணெண்ணெய்க் காருக்குக் கீழே ஜாம் போத்தல் விளக்கைக் கொண்டுபோக அண்ணை விடார். ஆகவே தங்கச்சி கிடங்கு ஓரத்தில் குந்தி, பெரியம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சரித்துப் பிடித்து, வெயிலை வாங்கி அடியில் விழுத்திக்கொண்டிருந்தாள். சூரியன் நகர நகர அவளும் நகர வேண்டும். அவளோ இடைக்கிடை கண்ணாடியைத் திருப்பித் தன் பின்னலைப் பார்ப்பாள். உடனே கீழே இருட்டு. கிடங்குக்குள்ளிருந்து, "பிள்ளை, சூரியனைக் கொண்டா!" என்று சத்தம் வரும்.

நான் காலை நீட்டிப் பெடலை மிதிக்கத்தான் ஆசைப்பட்டேன். அண்ணை விடவில்லை. "காலால அமத்தாதை, கையால அமத்து. காலுக்கு ஒண்டும் தெரியாது" என்றார்.

உள்ளங்கையை வைத்து அமத்தினேன். மெத்தென்று போனது, பிறகு ஓரிடத்தில் எதிர்ப்பு.

"பிடிக்குதோ?"

"பிடிக்குது."

"எங்கை?"

"இஞ்சை."

"இஞ்சை எண்டால் எனக்கு என்னெண்டடா தெரியும்? நான் கிடங்குக்குள்ளை நிக்கிறன்!"

பெரியப்பா சிரித்துவிட்டார். நான் எழும்பி வீட்டுக்கு ஓடி, கொம்பாஸ் பெட்டியிலிருந்து அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். அதன்பிறகு என் பெருமைக்கு அளவில்லை. அடிமட்டத்தைப் பெடலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொரு தடவையும் கணக்கு வாத்தியாரின் குரலில் அளவு சொன்னேன். "கால் அங்குலம்." கீழே ஸ்பனர் கிணுக்கென்றது. "அரை அங்குலம், கொஞ்சம் குறைய." மறுபடி கிணுக். அண்ணை நட்டை ஒரு முகம் திருப்புவார், கவையைக் கையால் அசைத்துப் பார்ப்பார், பிறகு மேலே குரல் கொடுப்பார்: "அமத்து... விடு... மெல்ல அமத்து... விடு." நாதஸ்வரக்காரர் சீவாளியை எடுத்து எடுத்து ஊதிப் பார்ப்பதுபோல, திருப்புவதும் கேட்பதுமாக நேரம் போய்க்கொண்டிருந்தது. என் மூக்குக்கு முன்னால் பெடலின் றப்பர். நடுவில் பெரியப்பாவின் இடக்கால் பெருவிரல் இருந்து இருந்து தேய்ந்த வழுவழுப்பு. சாக்கில் வெங்காய மணம். அம்மம்மா பனங்கட்டித் துண்டோடு பிளேன் ரீ கொண்டுவந்து என் முதுகுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "பிள்ளைக்கு மூச்சு முட்டப்போகுது" என்று சொல்லிவிட்டுப் போனா.

"முக்கால்!" என்று நான் கத்தியதும் கீழே ஸ்பனர் நின்றது. ஆனால் அண்ணை என் அளவை நம்பவில்லை. ஏறி வந்து, அடிமட்டத்தை விலக்கி, தன் கட்டைவிரலால் பெடலைத் தொட்டு அமத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். விட்டார். "சரி" என்றார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. அடிமட்டம் சொன்ன பிறகு விரல் எதற்கு? இறங்கிப் போய் லொக் நட்டை இறுக்கியபோது பார்த்தேன், ஒரு ஸ்பனரால் உள் நட்டை அசையாமல் பிடித்து, மற்றதால் வெளி நட்டை இறுக்கினார். பிடிக்காமல் இறுக்கினால் இரண்டும் சேர்ந்து சுற்றி, பட்ட பாடெல்லாம் வீண். இறுக்கிய பிறகு மறுபடியும் ஒருமுறை ஏறிவந்து விரல் வைத்தார்.

சோதனை எளிதாக முடிந்தது. ஹாண்ட் பிறேக்கை இழுத்து, மேல் கியரைப் போட்டு, கிளச்சை மெல்ல விட்டார் பெரியப்பா. எஞ்சின் திணறி நின்றது. நின்றால் நல்லது, பிளேற் வழுக்கவில்லை என்று அர்த்தம். (சில சொட்டுப் பெற்றோல் போயிற்று, பெரியப்பாவின் முகத்தில் அது தெரிந்தது.) பிறகு றிவேர்ஸ்; சத்தமில்லாமல் விழுந்தது. முதலாம் கியரைப் பற்றி அண்ணை ஒரு விரலை நீட்டி எச்சரித்தார்: மொறிஸில் முதலாம் கியருக்கு சிங்றோமெஷ் இல்லை, கார் நின்ற பிறகுதான் போட வேண்டும், பெட்டி புதிதென்று விளையாடக் கூடாது. ஒழுங்கையால் போய்ச் சந்திவரை ஓடித் திரும்பினோம். இரண்டாம் கியர் கழலவே இல்லை. நான் பழக்கத்தில் தடியைப் பிடிக்கப் போக, பெரியப்பா என் கையைத் தட்டிவிட்டார்.

வைகாசியில் ஏழாலைப் பொம்பிளை அந்தக் காரில்தான் கோயிலுக்குப் போனா. மணமகளுக்கு மண்ணெண்ணெய் மணக்கக் கூடாதென்று பெரியம்மா உள்ளே சாம்பிராணி போட்டா; இரண்டும் சேர்ந்த மணம் இன்னும் மோசம். முன்சீற்றில் எனக்கு இடமில்லை, மாப்பிள்ளைத் தோழன் இருந்தான். அந்தப் பெண் தன் வீட்டு மாமரத்தடிக் காரின் கியர் பெட்டியில்தான் போகிறா என்று எனக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக நினைத்துக்கொண்டு வேலியோரம் நின்றேன்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யுத்தத்துக்குப் பயந்து எங்கள் வலிகாமம் முழுதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது அந்தக் கார் அம்மம்மாவையும் பானை சட்டிகளையும் அயலில் ஒரு கைக்குழந்தைக்காரியையும் ஏற்றிக்கொண்டு சனத்துக்குள் நகர்ந்தது. மழை. முன்னால் அடி எடுத்து வைக்க இடமில்லை. பெரியப்பா கிளச்சை மிதித்துக்கொண்டு காத்திருக்கவே இல்லை. காபன் போய்விடுமென்று தடியை நடுவில் போட்டுவிட்டு, சனம் நகரும்போது எங்களை இறங்கித் தள்ளச் சொன்னார். நாவற்குழிப் பாலத்தடிவரைக்கும் தள்ளினோம். கார் கொடிகாமம் போய்ச் சேர்ந்தது. அண்ணை எந்த வழியால் போனார் என்று பிறகு ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள்.

யாழ்ப்பாணத்தில் இன்றும் மொறிஸ் மைனர்கள் ஓடுகின்றன. கலியாண வீடுகளில் பூச்சரம் கட்டி நிற்பதைக் காணலாம். உங்களில் யாரிடமாவது ஒன்று இருந்து, கியர் பெட்டியும் மாற்றினால், இரண்டு விஷயத்தை நினைவில் வையுங்கள். பிளேற் தேயத் தேய பிளே குறையும், காபன் தேயத் தேயக் கூடும். ஆகையால் ஒருமுறை வைத்தது அப்படியே நிற்குமென்று இருந்துவிடாமல், புதுக் காபன் படிந்ததும் திரும்பப் பாருங்கள். பார்க்கும்போது கையால் அமத்துங்கள்.